அக்கரை என்னும் சொல்: குறுங்கடற் செலவும் தமிழ்ப் புலனெறியும்

தொல்காப்பியர் அகத்திணையியலிற் பிரிவின் வகைகளை உரைக்குமிடத்து, முந்நீர் வழியாகச் செல்லும் வழக்கம் மகளிரோடு இல்லை என்று ஒரு விதி கூறினார். ஓரடி நூற்பா அது. அதற்கு இளம்பூரணர் நேர்பொருளே கொண்டார்: காலிற் பிரியுங்கால் தலைவன் தலைவியை உடன்கொண்டு செல்லவும் பெறுவான்; கலத்திற் பிரியுங்கால் அவள் இல்லின்கண் இருப்பாள், அவன் மட்டுமே செல்வான். நச்சினார்க்கினியரோ முந்நீர் என்னுஞ் சொல்லை மூன்று நீர்மை எனப் பகுத்து, ஓதல், தூது, பொருள் என்னும் மூன்று பற்றிய பிரிவிலும் தலைவி உடன் செல்லுதல் இல்லை எனப் பொருளுரைத்தார். இவ்விரண்டனுள் எது தொல்காப்பியர் கருத்து என்று முடிவு கூறுதல் எம் நோக்கமன்று. சொல்லமைதியை நோக்குவார்க்கு இளம்பூரணர் உரையே எளிதிற் பொருந்துவதாகத் தோன்றும் என்ற அளவில் அமைவோம். யாம் இங்கு எடுத்துக்கொண்ட வினா வேறு. ஒரு மொழியின் இலக்கணம் பெண் கடல் கடத்தல் இல்லை என்று விதித்திருக்க, அம்மொழி பேசும் பெண்கள் இலக்கக்கணக்கிற் கடல் கடந்த காலத்தில் அதன் இலக்கியம் என் செய்தது என்பதே அவ்வினா.

இங்குக் கடல் என்று யாம் குறிப்பது தமிழகத்திற்கும் ஈழத்திற்கும் இடைப்பட்ட குறுங்கடலை மட்டுமே. தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914ஆம் ஆண்டு தொடங்கிய நீராவிக் கப்பல் ஏறக்குறைய 22 மைல் தொலைவே ஓடியது. பிற கடல்களைப் பற்றிய காப்பியச் செய்திகளை இக்கட்டுரை ஆராயவில்லை. எல்லையைக் குறுக்கிக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அகன்ற கடலைக் கடப்போன் தான் பிரிகின்றேன் என்பதை ஐயமின்றி அறிவான். குறுங்கடலைக் கடப்போனுக்கு அத்தெளிவு இல்லை. அவன் பக்கத்து ஊருக்குச் செல்வதாகவே எண்ணிக் கலம் ஏறுகின்றான். அவ்வெண்ணமே அவனுக்கும் அவன் வழியினர்க்கும் பெருந்துன்பமாக முடிந்த வரலாற்றை நாம் அறிவோம்.

பழைய நூல்கள் இக்குறுங்கடலை எவ்வாறு கடந்தன என்று முதலிற் பார்ப்போம். கம்பர் காப்பியத்தில் இக்கடலைக் கடந்தவர் மிகப் பலர். அனுமன் தாவிக் கடந்தான். இராமனும் வானரப் படையும் அணை கட்டி அதன்மேல் நடந்து கடந்தனர். சீதையோ, தான் இருந்த குடிலொடும் நிலத்தொடும் பெயர்த்தெடுக்கப்பெற்று வான்வழியே கொண்டு செல்லப்பட்டாள். மீண்டபோதும் புட்பக விமானத்திலேயே மீண்டாள். தாவுதலும் நடத்தலும் பறத்தலும் உண்டு. இரு பெருந் தலைமக்களுள் ஒருவரேனும் கலம் ஏறி நீரைத் தீண்டிக் கடந்ததாக இல்லை.

மணிமேகலையில் இந்நிலை இன்னும் வியப்புக்குரியது. மணிபல்லவத்தை நயினாதீவு என்பார் பலர். யாழ்ப்பாணத் தீபகற்பமே என்பாரும் உளர். எவ்வாறாயினும் அது ஈழத்தை அடுத்த தீவு என்று கொள்வார் கூற்றை ஏற்றால், மணிமேகலை கடந்ததும் இக்குறுங்கடலேயாம். துயின்றுகொண்டிருந்த அவளைத் தெய்வம் எடுத்துச் சென்று அத்தீவில் வைத்தது. மீண்டதும், பின்னர்ச் சென்றதும், மந்திரத்தின் வலியால் வானூடேயாம். சாவக நாட்டு வேந்தனாகிய புண்ணியராசனும் அவளும் ஒரே தீவிற்கு வருகின்ற இடத்தில், வேந்தன் கப்பலேறி வருகின்றான், அவள் வானிற் பறந்து வருகின்றாள். சாத்தனார் தொல்காப்பிய விதியை நினைந்தே இவ்வாறு அமைத்தார் என்று யாம் கூறத் துணியோம். துறவியின் ஆற்றலைக் காட்டுதலே அவர் கருத்தாக இருக்கலாம். ஆயினும் விளைவு ஒன்றே. ஆணுக்குக் கலம், பெண்ணுக்கு வான். பீலிவளையின் கதையையும் இதனோடு வைத்து எண்ணுக. நாக நாட்டு மகளாகிய அவள் புகார்க் கானலில் நெடுமுடிக்கிள்ளியொடு இருந்து பின் மறைந்தாள். எவ்வாறு வந்தாள், எவ்வாறு சென்றாள் என்பதைக் காப்பியம் விரித்துரைக்கவில்லை. தான் ஈன்ற மகவைக் கம்பளச் செட்டி என்னும் வணிகன் கையில் அளித்தாள். மகவு கலம் ஏறிற்று. தாய் கரையிலேயே நின்றாள்.

பத்திமைப் பாடல்களுக்கு வருவோமாயின், ஞானசம்பந்தர் திருக்கேதீச்சரத்தையும் திருக்கோணமலையையும் பாடியுள்ளார். சுந்தரர் திருக்கேதீச்சரத்தைப் பாடியுள்ளார். இருவரும் இராமேச்சுரத்திலிருந்தே அக்கோயில்களைத் தொழுது பாடினர் என்பது வழிவழிச் செய்தி. மாதோட்டத்துக் கேதீச்சரம் கடலுக்கு அப்பால் மிக அண்மையில் உள்ளது. இருந்தும் அடியார் இருவரும் இக்கரையில் நின்றே கண்டனர். குறுங்கடலின் இயல்பு இது. அக்கரை கண்ணுக்கு எட்டுவது போலவே உள்ளத்திற்கும் எட்டுவதாயிருத்தலின், கடத்தல் என்னுஞ் செயலே வேண்டாததாகிவிடுகின்றது. மேனாட்டார் மாத்யூ ஆர்னால்டு தம் டோவர் கடற்கரைப் பாட்டிலும் கடலைக் கடக்கவில்லை. இங்கிலாந்துக் கரையில் நின்று பிரான்சுக் கரையின் விளக்கொளியைக் கண்டதோடு நின்றார். பாரதியாரும் சிங்களத் தீவுக்குப் பாலம் அமைக்கவும் சேதுவை மேடுறுத்தவும் பாடினார். பாலம் கட்டியபின் கடல் ஏது? பீசித் தீவின் கரும்புத் தோட்டத்திற் கண்ணீர் வடித்த பெண்களுக்காக நெஞ்சுருகிப் பாடியவர் அவரே. ஆனால் தொலைவிலுள்ள கடலுக்கு அப்பாற்பட்ட பெண்ணின் அழுகை அவர் செவியில் விழுந்த அளவுக்கு, அருகிலுள்ள கடலுக்கு அப்பாற்பட்டவளின் அழுகை அவர் பாட்டில் இடம்பெறவில்லை. இதனைக் குறையாகக் கூறவில்லை. அருகிலிருத்தலே மறைத்தற்குக் காரணமாயிற்று என்பதைச் சுட்டவே கூறினோம்.

இதற்கு மாறான சான்றுகளை மறைத்தல் முறையன்று. மகாவம்சம் என்னும் பாலி நூல், விசயனுக்கு மணமகளாகப் பாண்டியன் மகளும் உடன் பெண்களும் கடல் கடந்து மாதித்தம் என்னும் துறையில் இறங்கினர் என்று கூறுகின்றது. மாதித்தம் என்பது மாதோட்டமே. யாழ்ப்பாண வைபவமாலை, சோழ நாட்டு அரசமகள் மாருதப்பிரவல்லி நோய் தீரக் கீரிமலைக்கு வந்து நீராடினாள் எனக் கூறும். ஆனால் முன்னது தமிழ் நூலன்று. பின்னது 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதிய உரைநடை வரலாறு. புலனெறி வழக்கத்துச் செய்யுளில் இக்குறுங்கடலின் மேல் ஒரு பெண் கலத்தில் அமர்ந்து செல்லுங் காட்சியை யாம் இதுகாறும் கண்டிலேம். கண்டார் உளராயின் அறிவிக்க வேண்டுகின்றோம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கை மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. 1869இல் தொடங்கிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலை அவ்விடத்தைப் பெற்றது. கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பெரும்பாலும் பருவந்தோறும் சென்று மீண்ட ஆடவர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் வாந்திபேதியாலும் அம்மையாலும் மடிந்தவர் பலர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கும் பயிர். அதற்குப் பெண்களின் கைகள் வேண்டியிருந்தன. எனவே குடும்பமே பெயர்ந்தது. பெண் கடல் கடந்ததற்குக் காரணம் காதலும் அன்று, கற்பும் அன்று. ஒரு செடியின் இயல்பே காரணம்.

அவ்வாறு சென்றோர் எந்நிலத்து மக்கள்? திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், வட ஆர்க்காடு ஆகிய பகுதிகளிலிருந்தே பெரும்பாலோர் சென்றனர். இவற்றுட் சேலமும் திருச்சியும் முன்னின்றன. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது என்பதை இங்கு நினைதல் வேண்டும். கடலைக் கடந்தவருட் பலர் கடலைக் கண்டிராத உள்நாட்டு மக்கள் என்பது இக்கட்டுரையின் கருத்துக்கு அடிப்படையான செய்தி. பரதவர் அல்லர், வணிகர் அல்லர். ஏரிப் பாசனமும் மானாவாரியும் ஆற்றுப் பாசனமும் அறிந்த உழவுத் தொழிலாளர்.

காவிரிக் கரையிலுள்ள ஜேடர்பாளையத்தை எடுத்துக்கொள்க. முன்னாளிற் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 1997 முதல் நாமக்கல் மாவட்டத்திற்கு உட்பட்டிருக்கும் ஊர். அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்ததாகக் கூறப்பெறும் இராசவாய்க்கால் இங்குள்ள அணைக்கட்டிலிருந்து பிரிகின்றது. கரும்பும் வெற்றிலையும் வாழையும் அவ்வாய்க்காலின் கொடை. வாய்க்கால் நீர் எட்டாத மேட்டு நிலம் மழையையே நம்பியிருக்கும். பரிசலில் ஆற்றைக் கடந்தால் ஈரோட்டு மாவட்டம். அணைக்கரையில் ஒரு முதியவரிடம் ஊர்ச் செய்திகளை வினவிக்கொண்டிருந்தபோது, அவர் பேச்சிடையே, "எங்கப்பாரோட அக்கா அக்கரைக்குப் போனவங்க, திரும்பி வரலீங்க" என்றார். யாம் ஆற்றின் எதிர்க்கரையை நோக்கினோம். அவர் நகைத்து, "அந்த அக்கரை இல்லீங்க, கண்டிச் சீமைங்க" என்றார்.

அச்சொல்லே எம்மை இவ்வாராய்ச்சிக்குத் தூண்டியது. அக்கரை, இக்கரை என்பன ஆற்றங்கரை மக்களின் சொற்கள். நின்ற இடத்திலிருந்து எதிர்க்கரை தெரியவேண்டும். இடையே உள்ள நீரைப் பரிசலோ ஓடமோ கடக்கவேண்டும். மாலையில் மீள இயலவேண்டும். இம்மூன்றும் கூடிய இடத்திலேதான் அச்சொல்லுக்கு இயல்பான பொருள் உண்டு. நெய்தல் நில மக்கள் கடலுக்கு அப்பாலுள்ள நாட்டைக் குறிக்கப் பயன்படுத்திய சொற்கள் வேறு. உள்நாட்டு மக்கள் தமக்குத் தெரிந்த ஆற்றுச் சொல்லைக் கடலின் மேல் ஏற்றினர். அறியாமையால் ஏற்றினர் என்று ஒருவர் கூறலாம். யாம் அவ்வாறு கருதவில்லை. ஆள் பிடிக்க வந்த கங்காணி, அச்செலவை ஓர் ஆற்றைக் கடப்பது போன்றதாகவே காட்டினான். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டியதாக மலைநாட்டில் வழங்கும் பேச்சு அனைவரும் அறிந்ததே. அக்கரை என்னுஞ் சொல் கங்காணியின் பொய்யையும் தாங்கியது, சென்றவர் நம்பிக்கையையும் தாங்கியது. திரும்பி வரலாம் என்னும் உறுதி அச்சொல்லுக்குள்ளேயே பொதிந்திருந்தது.

தோட்டத்து இலக்கியத்தை ஆராய்ந்த திறனாய்வாளர் சிலர் ஒரு குறை கூறுவதுண்டு: கடல் கடந்த மக்களின் இலக்கியமாயிருந்தும் அதிற் கடல் இல்லை, அலை, புயல், கலம், துறை பற்றிய வருணனை அருகியே காணப்படுகின்றது, ஆதலின் அது அனுபவத்தின் ஆழத்தை எட்டவில்லை என்பது அவர் வாதம். இதனைச் சிறிது விரிவாக நோக்குதல் தகும்.

கோப்பிக் கிருஷிக் கும்மி என்னும் நூலை 1869இல் ஆபிரகாம் ஜோசப் என்பார் வெளியிட்டார். மலைநாட்டைப் பற்றிய தமிழ் அச்சுநூல்களுள் மிக முற்பட்டதாகக் கருதப்படுவது அது. நூலின் பெயரே அதன் நோக்கத்தைக் காட்டிவிடுகின்றது. கும்மி தொழிலாளருடையது, கிருஷி தோட்டத்தாருடையது. மக்கள் பாடிய வடிவத்தை எடுத்துப் பயிர்த்தொழில் கற்பிக்கும் கருவியாக்கிக்கொண்டது அந்நூல். அங்குக் கடல் இல்லாமை குறையே எனலாம். ஏனெனில் அக்குரல் கடந்து வந்தவரின் குரல் அன்று.

புதுமைப்பித்தனின் துன்பக்கேணி 1935இல் மணிக்கொடியில் வெளிவந்தது. அவர் எழுதிய நீண்ட கதைகளுள் ஒன்று. திருநெல்வேலிச் சீமையின் ஒரு சிற்றூரிலிருந்து மருதி என்பாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை அடைகின்றாள். தோட்டத்தின் பெயர் வாட்டர் பாலம். ஆங்கிலப் பெயர் தொழிலாளர் வாயில் திரிந்த திரிபை அப்படியே கதையில் வைத்தமை ஆசிரியரின் செவிக்கூர்மைக்குச் சான்று. கதையின் கனம் முழுவதும் இரு கரைகளிலேயே தங்கியுள்ளது: பண்ணையின் கொடுமை ஓர்புறம், தோட்டத்தின் கொடுமை மற்றோர்புறம். இடையிலுள்ள நீர் சிறு இடமே பெறுகின்றது. இதனைக் குறை என்போமா? இரு கரையும் ஒரே கேணியின் இரு சுவர்கள் என்பதே கதைத் தலைப்பின் குறிப்பு என யாம் கொள்கின்றோம். கடலை விரித்துப் பாடியிருப்பின் இக்கரை வேறு, அக்கரை வேறு என்னும் மயக்கம் படிப்பவர்க்கு உண்டாகியிருக்கும். அம்மயக்கம் கங்காணியின் மூலதனம். புதுமைப்பித்தன் அதனை மறுத்தார். கதை பல ஆண்டுகளைத் தாவி அடுத்த தலைமுறையையும் இழுத்துக்கொண்டு விரைவதால் பிற்பகுதி நெகிழ்ந்திருக்கின்றது என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் தமிழ்ப் புனைகதையில் இக்குறுங்கடலைக் கடந்த கூலிப்பெண்களுள் முதன்மையாக நினைக்கப்படுபவள் மருதியே.

அவள் எவ்வாறு கடந்தாள் என்பதை வரலாறு ஓரளவு கூறும். 1917 முதல் மண்டபத்தில் ஒரு முகாம் இருந்தது. இலங்கைக்குச் செல்லும் தொழிலாளர் அங்குச் சில நாள் தடுத்து வைக்கப்பட்டு நோய் ஆராயப்பட்டபின்னரே கலம் ஏற்றப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண் பொறித்த தகர வில்லை ஒவ்வொருவர்க்கும் வழங்கப்பட்டது. எந்தத் தோட்டத்திற்குரிய ஆள் என்பதை அவ்வெண் காட்டும். வழிச்செலவு முழுவதும் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்திற்குச் செல்ல வேண்டுமாயின், கடன்தொகை குறித்த துண்டு என்னும் சீட்டைப் புதிய தோட்டம் செலுத்தித் தீர்க்கவேண்டும். இத்துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. நீரைக் கடக்கச் சில மணி நேரம். முகாமைக் கடக்கச் சில நாள். கடனைக் கடக்க வாழ்நாள். இக்கணக்கை அறிந்தவர்க்கு, கதையிலும் பாட்டிலும் கடல் ஏன் சுருங்கியது என்பது புலனாகும். அம்மக்களுக்கு முந்நீராய் நின்றது வேறு.

வாய்மொழிப் பாடல்களின் நிலையும் இதுவே. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983இல் வெளிவந்தது. மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்தவர் அவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆங்கிலத்திற் கவிதை எழுதிய பின்னரும் தமிழ் வாய்மொழியைத் தேடிச் சென்றவர். தோட்டப் பாடல்களில் கங்காணியின் பேச்சும், துரையின் சீற்றமும், கொழுந்துக் கூடையின் பாரமும், பிறந்த ஊரின் நினைவும் பெருகி வருகின்றன. கொங்கு நாட்டிலும் காவிரிப் பகுதியிலும் வழங்கும் தாலாட்டின் சந்தமும் ஒப்பாரியின் இழுப்பும் அவற்றில் உண்டு. ஆனால் நெய்தற் பாட்டுக்குரிய அலையின் தாளம் இல்லை. அலையின் தாளத்தை அறியாதார் வாயில் அது எவ்வாறு வரும்? அம்மக்கள் தம் மருதத்தைக் கைவிடாமல் எடுத்துச் சென்றனர் என்பதே இதன் பொருள். மலையில் வாழ்ந்தும் குறிஞ்சிப் பாட்டுப் பாடாமைக்கும் இதுவே காரணம். இவ்விடத்தில் திணைமயக்கம் என்னும் சொல்லை எளிதில் எடுத்தாளுவார் உளர். மருதத்திற் பிறந்து, பாலையிற் பிரிந்து, நெய்தலைக் கடந்து, குறிஞ்சியில் வாழ்ந்தனர் என்று வரிசைப்படுத்திக் காட்டுதல் கேட்க இனிதாயிருக்கும். ஆயின் தேயிலை மலை குறிஞ்சியன்று. புணர்தலும் புணர்தல் நிமித்தமும் அங்கு உரிப்பொருளல்ல. கூவல் ஒலித்து ஆளெழுப்பும் விடியலும் நிறுவைக் கணக்குமே அங்குப் பொழுதும் கருவும் ஆயின. பழைய பெயரை ஒட்டிவிடுவதால் புதிய பொருள் விளங்கிவிடாது.

மீனாட்சியம்மாள் என்பார் 1940இல் இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை என்னும் பாடல் நூலை வெளியிட்டார். தோட்டத் தொழிலாளர் இயக்கத்தை முன்னின்று நடத்திய கோ. நடேசையரின் மனைவியார் அவர். இந்திய அரசு தொழிலாளர் செலவுக்கு 1939இல் தடை விதித்தபின் எழுந்த நூல் அது. செய்யுள் நயம் நோக்குவார்க்கு அதில் ஏமாற்றமே மிஞ்சும். மேடையிற் பாடுதற்கென்று அக்காலத்து மெட்டுகளில் அமைந்தவை அப்பாடல்கள். எமக்கு அந்நூல் வேறொரு வகையிற் பெரிதாகத் தோன்றுகின்றது. இலக்கணம் எவளைக் கரையில் நிறுத்தியதோ அவள், கடலைக் கடந்து, அக்கரையில் நின்று, தன் பெயரால் நூல் அச்சிட்டுப் பாடினாள். பீலிவளையிலிருந்து மருதி வரையுள்ள பெண்களைப் பிறர் பாடினர் அல்லது எழுதினர். இங்குப் பாடியவளே கடந்தவள்.

இனி, இவ்விலக்கிய வினாவிற்கு அப்பாற்பட்டதாகத் தோன்றும் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் இயலாது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், அந்நாட்டிற் பிறந்தவன் தான் குடிமகன் என்று காட்டத் தந்தை அங்குப் பிறந்தமையை, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்தமையை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. தாய் வழி கணக்கில் இல்லை. தகர வில்லையும் கடன் துண்டும் அல்லாது வேறு எழுத்துச் சான்று இல்லாத மக்களிடம் பாட்டனின் பிறப்புச் சான்று கேட்கப்பட்டது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. பெண் கடல் கடத்தல் இல்லை என்பது ஒரு பழைய புலனெறி மட்டுமே என்று எண்ணியிருந்தோம். அவள் கடந்ததைக் கணக்கிடாமல் விட்ட நெறி 20ஆம் நூற்றாண்டுச் சட்டத்திலும் வேறொரு வடிவில் வாழ்ந்தது. தொல்காப்பியர்க்கும் அச்சட்டத்தை இயற்றியோர்க்கும் தொடர்பு உண்டென்று யாம் கூறுவதாக ஒருவரும் கொள்ளற்க. தந்தைவழியை மட்டும் எண்ணும் வழக்கம் உலகிற் பல நாடுகளுக்கும் பொது. ஆயினும் தோட்டத்தின் உழைப்பிற் பெரும்பங்கு பெண்ணினுடையதாயிருக்க, உரிமையின் கணக்கில் அவள் கரையிலேயே நின்றாள் என்பது மெய். தோட்ட இலக்கியத்திற் பெண்ணே மீண்டும் மீண்டும் தலைமை மாந்தராக வருதற்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30இல் சிரிமா-சாத்திரி உடன்பாடு கையொப்பமாயிற்று. 9,75,000 பேர் என மதிப்பிடப்பட்ட மக்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் முடிவு செய்வதென்றும் வரையறுத்தனர். அவ்வெச்சம் 1974இற் செம்பாதியாகப் பங்கிடப்பட்டது. உடன்பாடு கண்ட இரு திங்களுக்குள், டிசம்பர் 22, 23ஆம் நாள்களில் வீசிய புயல் தனுக்கோடியை அழித்தது. மக்கள் சென்ற துறை, அவர்கள் மீள வேண்டிய காலத்தில் இல்லாதொழிந்தது. பின்னர் இராமானுஜம் என்னும் கப்பல் தலைமன்னாருக்கும் இராமேச்சுரத்துக்கும் இடையே ஓடியது. மீண்டோர் மறுபடியும் மண்டபம் முகாமில் இறங்கினர். செல்வோர்க்கென்று கட்டிய முகாமே மீள்வோர்க்கும், 1983க்குப் பின் அகதியாய் வந்தோர்க்கும் பயன்பட்டது.

அதே 1964ஆம் ஆண்டில் கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சை என்னும் புதினம் வெளிவந்தமை தற்செயலே. தோட்டத் தொழிலாளர் வாழ்வைத் தலைமுறைகளின் ஊடே காட்டும் நூல், எழுதியவர் பெண். அதன் நடையில் இடையிடையே செய்தித்தொகுப்பின் சாயல் உண்டு. உரையாடல் சில இடங்களில் ஆசிரியரின் உரையாகிவிடுகின்றது. இக்குறைகளை மீறி அந்நூல் நிற்பது பெண்ணின் உழைப்பை உள்ளிருந்து காட்டும் ஆற்றலால். தலைப்பைப் பற்றியே இங்குச் சில கூறுவோம். இக்கரைக்கு அக்கரைப் பச்சை என்னும் பழமொழியைத் தமிழர் எவரும் அறிவர். அது காவிரி போன்ற ஓர் ஆற்றின் கரையிற் பிறந்த மொழி. கோகிலம் சுப்பையா அதிலிருந்து பச்சையை எடுத்துக்கொண்டு அக்கரையை நீக்கிவிட்டார். அவ்விடத்தில் தூரத்தை வைத்தார். அக்கரை என்றால் மீளலாம். தூரம் என்றால் மீளுதல் ஐயத்திற்குரியது. ஆற்றுச் சொல்லைக் கடலின் மேல் ஏற்றிய பிழைக்கு, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் ஒரு பெண் எழுத்தாளர் செய்த திருத்தம் என்று அதனைக் கொள்ளலாம்.

அவரே அந்நூலை ஆங்கிலத்தில் ஆக்கியபோது மிராஜ் என்று பெயரிட்டார். 2006இல் அது வெளிவந்தது. அச்சொல்லுக்குக் கானல்நீர் என்பது பொருள். பச்சை நிலம் நீராயிற்று, அந்நீரும் பொய்ந்நீராயிற்று. பொய்த்தேரும் கானலும் பாலைக்குரியன. தோட்ட இலக்கியம் எத்திணைக்குரியது என்னும் வினாவிற்கு, ஆசிரியர் தாம் அறிந்தோ அறியாமலோ ஒரு விடை தந்துவிட்டார். நெய்தலும் அன்று, குறிஞ்சியும் அன்று; பாலை. இருப்பினும் கானல் என்னுஞ் சொல் தமிழில் இரு நிலத்திற்கும் உரியது. பாலையில் அது வெயில் காட்டும் பொய்ந்நீர். நெய்தலில் அது கடற்கரைச் சோலை, பீலிவளை வந்து மறைந்த இடம்.

ஜேடர்பாளையத்து முதியவரின் அத்தை எந்தத் துறையில் கலம் ஏறினார் என்பதை அவர் அறியார். தூத்துக்குடியா, தனுக்கோடியா என்று வினவியதற்கு, "ரயிலேறிப் போனாங்கன்னுதான் கேள்விங்க" என்று மட்டும் கூறினார். கடலைப் பற்றி ஒரு சொல்லும் அக்குடும்பத்து நினைவில் இல்லை. அவர் பாடி வழங்கிய தாலாட்டு ஒன்று உண்டென்றும், அதனை அறிந்த மூதாட்டி ஒருவர் அடுத்த ஊரில் இருக்கின்றார் என்றும் கூறினார். அன்று பரிசல் துறையில் மாலையாகிவிட்டமையின் யாம் அவ்வூருக்குச் செல்ல இயலவில்லை.